செயலாளரின் ஆண்டறிக்கை: வாசற்பாத்தியை இரண்டு முறை நட்ட வருடம்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் தோட்டச் சங்கத்தின் மாதக் கூட்டம் 11 நடந்தது; ஒன்று மழையால் நின்றது. நடவடிக்கைக் குறிப்பேடு மேசைமேல் இருக்கிறது, வேண்டியவர்கள் புரட்டிப் பார்க்கலாம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேராக வாசற்பாத்திக்கு வந்துவிடுகிறேன். இந்த வருடம் நாம் அதிகம் பேசியதும் அதிகம் சண்டை போட்டதும் அதைப் பற்றித்தான்.

வாசலை ஒட்டிய நீளப் பாத்தியைப் புதிதாக நடுவது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். ஆளுக்கு ஒரு செடி கொண்டுவரலாம் என்று சொன்னது நான்தான். 22 பேர் 22 வகை கொண்டுவந்தார்கள். எல்லாம் வேர்பிடித்தன, எல்லாம் பூத்தன, ஆனாலும் பாத்தி பார்க்க நன்றாக இல்லை. விற்பனைக்கு அடுக்கி வைத்தது போல ஒவ்வொன்றும் தனித்தனியே நின்றது. "இது பாத்தி இல்லை சார், வருகைப் பதிவேடு" என்றார் ஓர் உறுப்பினர். அன்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு அதையே குறிப்பேட்டில் ஏற்றிவிட்டேன்.

கோளாறு எங்கே என்று தெரிந்தது ஒரு சின்னப் பயிற்சியில். பாத்தியின் புகைப்படத்தைக் கருப்பு வெள்ளையில் அச்செடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தோம். நிறம் போனதும் செவ்வந்தி, வாடாமல்லி, இட்லிப்பூ, துலுக்கச் சாமந்தி எல்லாம் ஒரே சாம்பல் மூட்டையாகக் கிடந்தன. எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்றே சொல்ல முடியவில்லை. எல்லாம் முழங்கால் உயரம், எல்லாம் உருண்டை, எல்லாம் சின்ன இலை. கடைசியில் மிச்சம் என்று யாரோ மூலையில் ஊன்றிவிட்டுப் போன கல்வாழை மட்டும் பளிச்சென்று தெரிந்தது: அகல இலை, நேரான தண்டு. நாம் எல்லோரும் பூவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், இலையை ஒருவரும் பார்க்கவில்லை. பூ சில வாரம் இருக்கும். மீதி நாளெல்லாம் நம் கண்முன் நிற்பது இலைதான்.

சரி, பிடுங்கி மறுபடி நட்டோம். இந்த முறை ஏழே வகை. ஒவ்வொன்றிலும் மூன்று அல்லது ஐந்து சேர்த்து ஒரு கூட்டமாக. அதே கூட்டம் பாத்தியில் இன்னும் இரண்டு இடத்தில் திரும்ப வரும்படி. இப்படித் திரும்ப வருவதால்தான் கண் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தடுக்காமல் போகிறது. நாற்றின் இப்போதைய அளவைப் பார்க்காமல், வளர்ந்தால் எவ்வளவு பரவுமோ அதற்கேற்ப இடைவெளி விட்டோம். முதல் இரண்டு மாதம் பாத்தி வழுக்கையாகத் தெரிந்தது; மூடாக்குப் போட்டு மறைத்தோம். உயரமானது பின்னால், குட்டையானது முன்னால் என்ற விதியையும் ஓர் இடத்தில் மீறினோம். மெல்லிய தண்டுள்ள புல் ஒன்றை முன்வரிசையில் வைத்தோம். மாலை வெயில் எதிர்ப்பக்கமிருந்து அடிக்கும்போது அதன் கதிர்கள் ஒவ்வொன்றாக ஒளிர்வதை உறுப்பினர்கள் ஒரு தடவை நின்று பார்க்க வேண்டும். எடுக்கப்பட்ட செடிகள் பின்பக்கத் தொட்டிகளில் பத்திரமாக இருக்கின்றன. வருத்தப்பட்டவர்களிடம் நேரில் பேசிவிட்டேன். ஒருவர் இன்னும் பேசவில்லை.

இதற்கிடையில் மாதக் கூட்டங்களில் படக்காட்சியுடன் தோட்டக் கலைஞர்களைப் பற்றிப் பேசினோம். கெர்ட்ரூட் ஜீகில் (1843–1932) ஓவியம் படித்தவர். கண்பார்வை மங்கிக்கொண்டே போனதால் தூரிகையை விட்டுத் தோட்டத்துக்கு வந்தவர். இங்கிலாந்தில் மன்ஸ்டெட் வுட் என்ற தன் வீட்டில் அவர் நட்ட பாத்தியின் நீளம் ஏறத்தாழ 200 அடி. இரு முனைகளிலும் நீலம், வெள்ளை, சாம்பல் இலை. நடுவில் போகப்போக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. ஓவியர் நிறத்தைக் கலந்து இழைப்பதைச் செடியால் செய்தார். அடுத்து பிரேசிலின் ரொபெர்டோ பர்லே மார்க்ஸ் (1909–1994). இவர் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1928-இல் ஓவியம் கற்கும் வயதில் பெர்லினுக்குப் போனவர், அங்குள்ள தாவரவியல் தோட்டத்துக் கண்ணாடிக் கூடத்தில் தன் நாட்டுச் செடிகளைப் பார்த்து வியந்து நின்றார். ஊரில் ஏறெடுத்தும் பார்க்கப்படாத செடிகள் அவை. திரும்பி வந்து அவற்றையே வைத்துப் பெரிய பெரிய வண்ணத் திட்டுகளாகத் தோட்டங்கள் போட்டார்.

பெத் சாட்டோ (1923–2018) பற்றிய கூட்டத்துக்குத்தான் ஆள் அதிகம். இங்கிலாந்தில் மழை மிகக் குறைந்த எஸ்ஸெக்ஸ் பகுதியில், வண்டி நிறுத்தும் இடமாக இருந்த சரளைத் தரையில் 1990களின் தொடக்கத்தில் தோட்டம் போட்டார். செடி வேர்பிடித்த பிறகு தண்ணீர் ஊற்றுவதில்லை என்பது அங்கே விதி. அந்த மண்ணுக்கும் வறட்சிக்கும் ஒத்துவரும் செடிகளை மட்டும் தேர்ந்தெடுத்ததால் அது நடந்தது. நிலத்துக்கு நிலம் வேறு பூ என்று குறிஞ்சியையும் முல்லையையும் நெய்தலையும் பிரித்துப் பாடிய மொழிக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஆனால் நம்மில் சிலர் நிழல் விழும் மூலையில் வெயில் செடியை மூன்று முறை நட்டு மூன்று முறையும் சாகக் கொடுத்தோம். பெயர் சொல்லவில்லை. (ஒருவர் நான்.)

படத்தைப் பார்த்து அப்படியே நட வேண்டும் என்று கேட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. படம் எடுத்த அன்று அந்தத் தோட்டம் தன் உச்சத்தில் இருந்திருக்கும். அடுத்த மாதம் அது எப்படி இருந்தது என்று படம் சொல்லாது. அதனால் படத்திலிருந்து செடியின் பெயரை எடுக்காமல், எது எதன் பக்கத்தில் நிற்கிறது, ஏன் கண் அங்கே போகிறது என்று எழுதிவரும்படி கேட்டுக்கொண்டோம். அப்புறம் கையில் நோட்டுடன் ரயில் பாதையோரம் நடந்தோம். நியூயார்க்கின் ஹை லைன் பூங்காவும் அப்படிப் பிறந்ததுதானே. 1980-இல் ரயில் நின்றுபோன உயரத் தண்டவாளத்தில் தானாக முளைத்த செடிகளைப் பார்த்து எழுந்த யோசனை அது. 2009-இல் முதல் பகுதி திறந்தது. நடவை வடிவமைத்த பீட் அவுடால்ஃப் காய்ந்த தண்டையும் விதை முற்றிய பூத்தலையையும் அழகாகவே எண்ணுபவர்.

அதை வைத்துத்தான் நம் பெரிய சண்டை. காய்ந்த கோழிக்கொண்டையை வெட்டுவதா, விடுவதா? சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஒரு பக்கம். சின்னக் குருவிகள் விதை கொத்த வருகின்றன என்று மறுபக்கம். பாதிப் பாத்தியை வெட்டி, பாதியை விட்டோம். இரு தரப்பும் திருப்தியில்லை என்பதால் முடிவு நியாயமானது என்று கருதுகிறேன்.

இன்னொன்று. நம்மில் பலர் வேலை முடிந்து இருட்டும் நேரத்தில்தான் தோட்டத்துக்கு வருகிறோம். அந்த வெளிச்சத்தில் சிவப்பு முதலில் கறுத்துப்போகும், வெள்ளையும் வெளிர் மஞ்சளும் கடைசிவரை தெரியும். அதனால் நடைபாதை ஓரத்துச் செம்பருத்திகளில் சிலவற்றுக்குப் பதிலாக நந்தியாவட்டை நடுவது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

விதைப் பரிமாற்றம் இரண்டு முறை நடந்தது. எழுத்து அழிந்த பொட்டலங்கள் நிறைய. பென்சிலால் எழுதினால் அழியாது. கவாத்துக் கத்தரி ஒன்று காணவில்லை. எடுத்தவர் இரவோடு இரவாகத் திருப்பி வைத்தாலும் போதும், யாரும் எதுவும் கேட்க மாட்டோம்.

வரும் ஆண்டு கிணற்றடி நிழல் மூலையை எடுத்துக்கொள்கிறோம். நடுவதற்கு முன் மூன்று மாதம் அங்கே வெயில் எந்த நேரத்தில் எதுவரை வருகிறது என்று குச்சி நட்டுக் குறிக்க வேண்டும். காலைக்கு இருவர் பெயர் கொடுத்துவிட்டார்கள். நண்பகலுக்கு இன்னும் ஆள் இல்லை; கூட்டம் முடிந்ததும் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகவும்.

இப்படிக்கு,
செயலாளர்