ஸ்கேன் பயிற்சி வட்டம், தருமபுரி: செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

தலைவர் அவர்களுக்கும், நமக்கு வழிகாட்டும் கதிரியக்கத் துறை ஆசிரியர்களுக்கும், பி.ஜி. மாணவர்களுக்கும், சக ஹவுஸ் சர்ஜன்களுக்கும், முதன்முறையாகப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

எந்தத் தேதியில் எந்தக் கூட்டம் நடந்தது, யார் தலைமை தாங்கினார் என்பதெல்லாம் நடவடிக்கைக் குறிப்பேட்டில் இருக்கிறது. அதை இங்கே திரும்ப வாசித்து உங்கள் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட எனக்கு விருப்பமில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைப்பார். சீனியர்கள் ஜூனியர்களுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சொல்லிக்கொடுக்கும் நம் முறையில் இந்த ஆண்டு என்ன மாறியது, எது இன்னும் சரியாகவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

புதிதாகச் சேருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “சீனியர் சொல்லிக்கொடுத்தால் போதுமா, சார் வர வேண்டாமா?” நியாயமான கேள்வி. அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் 2006 முதலே ஸ்கேன் பயிற்சியை எல்லா ஆண்டு மாணவர்களின் பாடத்திலும் சேர்த்துவிட்டார்கள். அப்படிச் செய்யும் எந்தக் கல்லூரிக்கும் வரும் முதல் தட்டுப்பாடு மெஷின் அல்ல, பக்கத்தில் நின்று கையைப் பிடித்துத் திருத்த ஆள்தான். ஜெர்மனியின் ஆகன் நகரில் மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆசிரியர்களும் மறு பாதிக்குப் பயிற்சி பெற்ற மாணவர்களும் தசை, எலும்பு ஸ்கேன் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். 2010ல் வெளியான அந்த ஆய்வில், தேர்வில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் செய்திருந்தார்கள். அங்கே சொல்லிக்கொடுத்த மாணவர்கள் முதலில் தனியாகப் பயிற்சி பெற்றவர்கள் என்பதை நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். நேற்று கற்றவர் இன்று டியூட்டர் என்று அர்த்தமில்லை.

சீனியரிடம் கற்பதில் ஒரு லாபம் உண்டு. இருபது வருடம் ஸ்கேன் பார்த்த பேராசிரியருக்கு, உடல்மேல் வைத்துப் பார்க்கும் புரோப்பின் எந்தப் பக்கம் குறி இருக்கிறது என்பதே ஒருவருக்குத் தெரியாமல் இருக்கும் என்று தோன்றுவதில்லை. போன வருடம் அதே இடத்தில் முழித்தவருக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கும். “அண்ணா, எனக்கு எல்லாமே சாம்பல் கலராத்தான் தெரியுது” என்று சாரிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். அண்ணாவிடம் சொல்வார்கள். டெப்த்தை, அதாவது திரையில் தெரியும் ஆழத்தைக் குறை, கெயினை, அதாவது படத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கு என்று அவரும் சொல்லிவிட்டுப் போவார்.

இந்த ஆண்டு செய்த பெரிய மாற்றம், புரொஜெக்டர் வகுப்பை அறவே குறைத்தது. ஒலி அலையின் வேகம் மென்திசுவில் நொடிக்கு 1540 மீட்டர், வளைந்த புரோப்பின் அதிர்வெண் சுமார் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ், அதனால் ஆழம் போகும் ஆனால் நுணுக்கம் குறையும், நேர் புரோப் அதற்கு எதிர்மாறு: இவ்வளவையும் ஒரு தாளில் அடித்து முந்தைய நாளே கொடுத்துவிட்டோம். படுக்கைக்கு ஒரு டியூட்டர், நான்கைந்து ஜூனியர்கள். டியூட்டர் புரோப்பைத் தொடக் கூடாது என்பது விதி. வாயால்தான் வழிகாட்ட வேண்டும். முதல் வாரம் டியூட்டர்கள் கையைக் கட்டிக்கொண்டு பட்ட அவஸ்தையைப் பார்த்தவர்கள் சிரிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் இடது சிறுநீரகம் வலதைவிடச் சற்று மேலே, பின்னால் இருக்கிறது, அதைப் பிடிக்கப் புரோப் வைத்த கையின் விரல் முட்டிகள் கட்டிலைத் தொட வேண்டும் என்பதை வாயால் சொல்லத் தெரிந்த பிறகுதான் டியூட்டர்களுக்கே அது தெளிவானது.

இதில் ஆபத்தும் உண்டு. சீனியரின் பிழை அப்படியே கீழே இறங்கும். வயிற்று ஸ்கேனில் திரையின் குறி இடப்பக்கம் இருப்பது வழக்கம். இதய ஸ்கேனுக்கான அமைப்பில் அது வலப்பக்கம் போய்விடும். யாரோ இதய அமைப்பிலேயே விட்டுச்சென்ற மெஷினில் ஒரு குழு சில வாரம் பழகி, இடம் வலம் மாறியே படம் எடுக்கக் கற்று, அதைச் சரி என்று அடுத்த குழுவுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தது. கதிரியக்கத் துறை மேடம் ஒரு நாள் சும்மா எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதிலிருந்து மாதம் ஒருமுறை டியூட்டர்கள் ஆசிரியர் முன்னால் செய்துகாட்ட வேண்டும். இதை அவமானமாக எடுத்துக்கொண்டு விலகிய ஒருவரைத் தடுக்கவில்லை. அந்த முடிவு சரியென்றே நினைக்கிறேன்.

அடுத்தது, கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம். இது நம் ஊருக்கு மற்ற ஊர்களைவிட முக்கியம் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். 2001 கணக்கெடுப்பில் இன்றைய தருமபுரி மாவட்ட எல்லைக்குள் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 826 தான். 2011ல் அது 913 ஆனது. சேலத்தில் 1992ல் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டம் 2001ல் இங்கேயும் வந்ததற்கான காரணம் நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். கையடக்க மெஷினை வைத்துக்கொண்டு வீடுகளில் பாலினம் சொன்ன கும்பல்கள் இந்த மாவட்டத்தில் பிடிபட்ட செய்திகளை எல்லோரும் படித்திருக்கிறோம். அதனால் இங்கே ஸ்கேன் மெஷின் என்றாலே ஊர் ஒரு மாதிரி பார்க்கும். ‘ஸ்கேன் கத்துக்கறேன்’ என்று பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு உறுப்பினர் வீட்டில் சொன்னதற்கு, “அதெல்லாம் வம்பு வேலை, வேண்டாம்மா” என்று அவர் அத்தை பதறியிருக்கிறார். அத்தை பதறியதில் தப்பில்லை.

1994ல் வந்த அந்தச் சட்டப்படி மெஷின் பதிவான இடத்திலேயே இருக்க வேண்டும். கர்ப்பிணிக்குச் செய்யும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எஃப் படிவம் நிரப்ப வேண்டும். சட்டம் சொல்லும் தகுதி இல்லாதவர் கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்யவே கூடாது. கையடக்க மெஷினுக்கும் இதே கட்டுப்பாடுதான்: பதிவான வளாகத்தில் உள்நோயாளிகளுக்கு, அல்லது விதிப்படி நடக்கும் நடமாடும் மருத்துவ வண்டியில். ஹாஸ்டல் ரூமுக்கு எடுத்துப்போய்ப் பழகலாமா என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். நம் வட்டத்தில் அதைவிட ஒரு படி மேலே போய் முடிவெடுத்திருக்கிறோம்: கர்ப்பிணி யாரும் பயிற்சிக்கு மாடலாக வரக் கூடாது, பெண் தன்னார்வலர்களுக்கு அடிவயிற்றுப் பகுதி பயிற்சி கிடையாது, பெண்ணுக்குப் பெண் டியூட்டர்தான், கதிரியக்கத் துறை டாக்டர் ஒருவர் அறையில் இல்லாவிட்டால் மெஷின் ஆன் ஆகாது. கடைசி விதியால் பல சனிக்கிழமை வகுப்புகள் ரத்தாயின. முணுமுணுப்பு என் காதுக்கும் வந்தது. விதியைத் தளர்த்தும் யோசனை செயற்குழுவில் வந்தபோது நான் எதிர்த்து வாக்களித்தேன், வரும் குழுவும் தொட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம், எதைக் கற்றுக்கொடுப்பது என்பது. எல்லா உறுப்பையும் தொட்டுக் காட்டும் பழைய பட்டியலை விட்டுவிட்டு, விபத்தில் வருபவருக்குப் பார்க்கும் நான்கு இடங்களில் நின்றோம்: ஈரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே, மண்ணீரலுக்கும் இடது சிறுநீரகத்துக்கும் நடுவே, சிறுநீர்ப்பையைச் சுற்றி, இதய உறையில். கேள்வி ஒன்றே: கறுப்பாகத் திரவம் தெரிகிறதா, இல்லையா. தொப்பூர் கணவாய் நம் மாவட்டத்தில் இருக்கும்வரை கேஷுவால்ட்டியில் இந்தக் கேள்விக்கு வேலை இருக்கும். மழைக்காலத்தில் டெங்கு வார்டுக்காக இன்னும் இரண்டு சேர்த்தோம். பித்தப்பைச் சுவர் வீக்கமும் வலது நுரையீரலைச் சுற்றிய நீரும் ரத்தநாளத்திலிருந்து திரவம் கசிகிறது என்பதற்கான அடையாளங்கள்.

இதில் ஒரு சிக்கல். நம் தன்னார்வலர்கள் எல்லோரும் ஒல்லியான, ஆரோக்கியமான பையன்கள். அவர்கள் வயிற்றில் படம் கண்ணாடி போலத் தெரியும். வார்டில் வாயு நிறைந்த வயிற்றில் புரோப் வைத்தவுடன் எல்லாம் மறந்துபோகும். அசாதாரணத்தைப் பார்க்காமல் சாதாரணத்தை மட்டும் நூறு முறை பார்ப்பதால் பயன் குறைவு. ஈரல் நோயால் வயிற்றில் நீர் கோர்த்த நோயாளிகள் சிலர், டாக்டர் கேட்டு அவர்கள் சம்மதித்த பிறகு, நமக்கு உதவினார்கள். அவர்களுக்கு இந்த வட்டத்தின் நன்றி. ஒரே பெரியவர் மேல் வரிசையாகப் பத்துப் பேர் புரோப் வைத்த ஒரு காலை வேளையைப் பற்றி வந்த புகார் நியாயமானது. இனி ஒருவருக்கு இருவர், அதுவும் அவர் போதும் என்றால் அத்தோடு நிறுத்த வேண்டும்.

ஸ்கேனில் பார்த்தபடி ஊசி செலுத்தும் பயிற்சிக்குக் கடையில் விற்கும் மாதிரி உறுப்புகள் நம் நிதிக்கு எட்டாது. ஜெலட்டினைக் காய்ச்சி, கொஞ்சம் இசப்கோல் கலந்து, நடுவே நீர் நிரப்பிய மெல்லிய ரப்பர் குழாயைப் புதைத்தால் ரத்தநாளம் தயார். இசப்கோல் இல்லாவிட்டால் உள்ளே எல்லாம் வெறும் கறுப்பாகத் தெரியும், திசு மாதிரி இருக்காது. மே மாதத்து வெயிலில் இது மதியத்துக்குள் உருகிக் கூழாகிவிடுகிறது. கோழி நெஞ்சுக் கறியில் குழாய் செருகியும் செய்து பார்த்தோம். அது நன்றாகவே வேலை செய்தது, அறையின் வாசனை பற்றி ஊழியர்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

தன்னார்வலர் ஒருவருக்குப் பித்தப்பையில் கல் இருப்பது பயிற்சியின் நடுவே தெரியவந்தது. காலை டிபன் சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும் என்று வெறும் வயிற்றோடு வரச்சொல்லியிருந்த நாள் அது. முன்கூட்டியே சம்மதப் படிவத்தில் இதற்கு வழி எழுதியிருந்ததால், டியூட்டர் எதுவும் சொல்லாமல் மேடத்தைக் கூப்பிட்டார், மேடம் அவரைத் தனியாக அழைத்துப் பேசினார். பெஞ்ச் முழுக்க “மச்சான், கல்லுடா!” என்று கத்தாமல் இருந்ததற்கு உறுப்பினர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

சின்ன விஷயங்கள். ஜெல் மூன்று முறை தீர்ந்துபோனது. புரோப்பை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், முன்பக்க ரப்பர் கெட்டுவிடும் என்று சுவரில் எழுதி ஒட்டியும் இருவர் துடைத்தார்கள். வயர் தரையில் கிடந்தால் டிராலி சக்கரம் ஏறும்.

வரும் குழுவின் முன் நிற்கும் பெரிய வேலை டியூட்டர்கள்தான். இப்போது சொல்லிக்கொடுப்பவர்களில் பாதிக்கு மேல் இந்த ஆண்டோடு இன்டர்ன்ஷிப் முடித்து, பாலக்கோடு, அரூர், கிருஷ்ணகிரி என்று ஊருக்கு ஒருவராகப் போய்விடுவார்கள். மூன்றாம் ஆண்டிலேயே ஆட்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு டியூட்டருக்கு ஒரு பயிலும் டியூட்டர் என்று இணைத்துவைக்கும் திட்டத்தைத் தீர்மானமாகக் கொண்டுவந்திருக்கிறோம். பெண் டியூட்டர்கள் குறைவாக இருப்பதால் தங்கைகள் காத்திருப்புப் பட்டியலில் நிற்கிறார்கள். முதலில் அவர்களிலிருந்தே ஆட்களை எடுக்கலாம். வாக்கெடுப்புத் தாள்கள் உங்கள் கையில் இருக்கின்றன.

இந்த அறிக்கையை ஏற்று, தீர்மானத்தை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்