கண்ணைச் சிமிட்டச் சொன்னது

கும்பகோணம்,
நவம்பர் 14

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே நாலு நாளாக மழை விடவில்லை. மற்றபடி எல்லோரும் சுகம்.

"இந்த வயசுக்கு மேல் போனெல்லாம் நமக்கு ஏறாதுடா" என்று எழுதியிருக்கிறாய். போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

பென்ஷன் நிற்காமலிருக்க வருடாவருடம் கொடுக்கும் ஆயுள் சான்றைக் கொடுக்க மூன்று பேராகப் போனோம். நான், நம்மோடு தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கும் சார்ட்டிங்கில் இருந்தவர், அப்புறம் அந்த மேலத்தெரு போஸ்ட்மேன். மூவருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. மெஷினில் என் கட்டை விரலை வைத்தேன், எடுக்கவில்லை. துணியால் துடைத்தேன். தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கோடு வைத்தேன். ஊஹூம். முப்பத்தைந்து வருடம் மணியார்டர் நோட்டு எண்ணித் தேய்ந்த ரேகை அல்லவா! சார்ட்டிங்காரருக்கு வேறு தொல்லை. ஓடிபி ஓசூரில் இருக்கும் மகன் போனுக்குப் போய்விட்டது. மகன் மீட்டிங்கில் இருந்தான்.

போஸ்ட்மேன்தான் சிரித்துக்கொண்டே தன் போனை எடுத்தார். அவர் சான்றை முதல் நாளே வீட்டில் உட்கார்ந்து முடித்துவிட்டாராம்; எங்களோடு வந்தது டிகிரி காபிக்காக! முகத்தைக் காட்டியே சான்று கொடுக்கும் வசதி 2021இலேயே வந்துவிட்டது. எனக்குத் தெரியாது. போனை என் முகத்துக்கு நேரே பிடித்து, "கண்ணைச் சிமிட்டுங்க சார்" என்றார். கண்புரை ஆபரேஷன் செய்த கண், சிமிட்டச் சொன்னால் மூடியே விடுகிறது. நாலாவது தடவையில்தான் நான் உயிரோடு இருப்பதை அது ஒப்புக்கொண்டது.

ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவர் அவர். எப்படிக் கற்றார் என்று கேட்டேன். மகள் மஸ்கட்டில், பேத்தி முகத்தைத் தினமும் பார்க்க வேண்டும், வீட்டில் செய்து தர ஆள் கிடையாது. அவ்வளவுதான். சார்ட்டிங்காரர் வீட்டில் எல்லாம் மகனே பார்த்துக்கொள்கிறான். "அப்பா, நீங்க எதையாவது அமுக்கிடாதீங்க" என்று சொல்லிச் சொல்லியே அவரைப் போனைத் தொடவிடாமல் வைத்துவிட்டான். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

என் வீட்டுக்காரியின் கதை தெரியுமா? ஓர் எழுத்து தட்டமாட்டாள். மைக்கை அமுக்கிக்கொண்டு அக்காவுக்கு ஐந்து நிமிடம் பேசி அனுப்புவாள். காய்கறிக்காரருக்கு யூபிஐயில் பணம் போடுவதும் அவள்தான். கவுண்டரில் கம்ப்யூட்டர் வந்த காலத்திலிருந்து அதைத் தட்டிய நான், இன்னும் வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் வரவு வைத்துப் பார்த்தால்தான் தூங்குவேன்.

இன்னொன்று. நம் தெருக்கோடி ஹெட்மாஸ்டரைத் தெரியுமே, ஊருக்கே போன் சொல்லிக் கொடுப்பவர். அவருக்குத்தான் வீடியோ காலில் 'போலீஸ்' வந்தது. உங்கள் ஆதாரில் கடத்தல் பார்சல், டிஜிட்டல் அரெஸ்ட், அறையை விட்டு நகரக்கூடாது என்று மிரட்டல். சட்டத்தில் அப்படி ஒன்றே இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே ரேடியோவில் சொன்னார், இவரும் கேட்டவர்தான். இருந்தும் யூனிபாரத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார், மூன்று மணி நேரம். போனைத் தொட்டே பழகாத அவர் மனைவி கதவைத் தட்டித் திறந்து, "சோறு ஆறுது, யாருய்யா அது?" என்று அதட்டி, போனைக் கவிழ்த்து வைத்தார். பணம் தப்பியது. அப்புறம் பேரன்தான் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடித்துப் புகார் கொடுத்தான்.

அதனால் உன் வயதைக் காரணமாகச் சொல்லாதே. மருமகள் எல்லாம் செய்து தருகிறாள், அதுதான் விஷயம். எண்பது தாண்டியவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே சான்று கொடுக்கலாம். நமக்கு அந்தச் சலுகைக்கு இன்னும் எட்டு வருடம் இருக்கிறது. நீ முடித்துவிட்டாயா? இல்லையென்றால் ஞாயிறு காலை வீடியோ காலில் வா. அந்தப் பச்சைப் பொத்தானை நீயே அமுக்கு, மருமகளைக் கூப்பிடாதே.

உன் அன்பு நண்பன்