ஸ்பீக்கர் வாங்க முதல்

அன்புள்ள மச்சான்,

நம்முடைய திருகோணமலையில் அந்தப் பழைய படமாளிகையைக் கச்சேரி மண்டபமாக்கப் போகிறீர்கள் என்று வாசிக்கச் சந்தோஷம். ஸ்பீக்கர் விலைப்பட்டியலை இப்போதைக்கு மூடி வை. முதலில் பின்சுவரைப் பார்.

திரை இருந்த இடத்தில் நின்று ஒருதரம் கை தட்டு. சுவர் 25 மீற்றர் தள்ளியிருந்தால் சத்தம் போய்த் திரும்ப 50 மீற்றர். நம் ஊர் வெக்கையில் ஒலி செக்கனுக்கு 350 மீற்றர் அளவில் ஓடும். ஏழில் ஒரு செக்கன் கழித்துத் தட்டு திரும்பி வரும். தவில்காரருக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டாக விழுந்தால் தாளம் எங்கே நிற்கும்? படம் ஓடின காலத்தில் இது தெரியவில்லை, திரைக்கு முன்னால் நின்று யாரும் வாசிக்கவில்லையே. மெத்தைக் கதிரைகளும் சத்தத்தைக் குடித்தன. அவற்றைக் கழற்றினால் முழக்கம் இன்னும் கூடும்.

ஒரு அங்குல ஸ்பொஞ்ச் ஒட்டச் சொல்வார்கள். அது நாகசுரத்தின் கீச்சைத்தான் எடுக்கும், தவிலின் தொப்பிப் பக்கத்துக் கனத்த சத்தம் அப்படியே நிற்கும்: செக்கனுக்கு 100 தரம் அதிரும் (100 ஹேர்ட்ஸ்) அலையின் நீளமே மூன்றரை மீற்றர். நீ 4 அங்குல ரொக்வூல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சுப் பலகை) போடு, அதற்கும் சுவருக்கும் நடுவில் 4 அங்குல வெளி, மேலே மூச்சுப் போகிற துணி. மாரியில் ஓதம் ஏறும், தரையிலிருந்து அரை அடி விட்டுத் தொடங்கு. சுவரில் முட்டைத் தட்டு ஒட்டும் யோசனையோடு யாரும் வந்தால் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பு.

சரிந்த தரையைச் சமப்படுத்தாதே. லண்டன் பிரிக்ஸ்டன் அக்கடமி 1929இல் படமாளிகையாகத் திறந்தது. இன்றும் அந்தச் சரிவில்தான் சனம் நின்று பார்க்கிறது, பின்னால் நிற்பவருக்கும் மேடை தெரிகிறது.

சவுண்ட் மிக்சரைப் படம் ஓட்டின ஒப்பரேட்டர் அறையில் வைக்காதே, கண்ணாடிக்குப் பின்னால் மண்டபம் கேட்காது. பல்கனிக்குக் கீழேயும் வேண்டாம். அங்கே இருப்பவர்களுக்குத் தனிச் சிறு ஸ்பீக்கர் போடு. மேடையிலிருந்து 21 மீற்றர் என்றால் சத்தம் அங்கே வர 60 மில்லிசெக்கன், அதோடு இன்னொரு 10 சேர்த்து அந்தச் சிறு ஸ்பீக்கரைத் தாமதப்படுத்து. அப்போதுதான் பாட்டு மேடையிலிருந்தே வருவதாகக் காது நம்பும்.

கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் துளைக்காதே, அந்தத் தூசு நெஞ்சுக்கு நஞ்சு. இரும்புச் சட்டத்தை உப்புக்காற்று எவ்வளவு தின்றிருக்கிறது என்று பொறியியலாளர் பார்க்கும்வரை ஒரு லைற்றும் தொங்கக்கூடாது. லைற் டிமருக்கும் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) சவுண்டுக்கும் வேறு வேறு மின்சார பேஸ் (phase) எடு. இரைச்சல் கேட்டால் எர்த் வயரைக் கழற்றச் சொல்ல ஒருவர் எப்படியும் வருவார். மைக் பிடிப்பவரின் உயிர் அந்த வயரில்தான் இருக்கிறது.

பின்சுவரின் நீள உயரத்தை அளந்து எழுது, ரொக்வூல் கணக்கைப் போட்டு அனுப்புகிறேன். வாடை தொடங்க முதல் கூரை ஒழுக்கை அடைத்துவிடு.

அன்புடன்,
உன் நண்பன்