விடுதியில் குடியிருந்து பார்க்கும் வேலை

உ
சிவமயம்

ஒஹாயோ மாநிலம், அமெரிக்கா
நவம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் அப்பத்தாவுக்கும் தங்கள் பேத்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் இங்கு நலமாக இருக்கிறேன். தங்கள் இருவர் நலத்தையும், என் பெற்றோரான அப்பச்சி, ஆத்தா, மற்றும் தம்பி ஆகியோர் நலத்தையும் அறிய ஆவலாக உள்ளேன்.

ஐயா, சென்ற வாரம் பேசியபோது, "படிக்கப் போன பிள்ளை எதற்காக விடுதியில் வேலை பார்க்க வேண்டும், நாம் அனுப்புகிற பணம் போதவில்லையா?" என்று தாங்கள் கேட்டீர்கள். அலைபேசியில் இரண்டு வரியில் விடை சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. நான் என்ன வேலை செய்கிறேன், அதை ஏன் விரும்பிச் செய்கிறேன் என்பதை நிதானமாக எழுதினால், தாங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்து, பிறகு ஆத்தாவுக்கும் எடுத்துச் சொல்வீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு ஈடாகப் பல்கலைக்கழகம் என் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறது. விடுதியின் தரைத்தளத்தில் ஒரு படுக்கையறையும் சிறு கூடமும் சமையலறையும் கொண்ட வீட்டை வாடகையின்றிக் கொடுத்திருக்கிறது. உணவுக்கூடத்தில் சாப்பிடுவதற்கு ஓர் அட்டையும், கைச்செலவுக்கு மாதம் இருமுறை ஒரு தொகையும் உண்டு. கைக்கு வரும் தொகைக்கு வருமான வரி உண்டு. ஆனால் வேலை கொடுப்பவரின் தேவைக்காக வேலையிடத்திலேயே குடியிருந்தாக வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தால், அந்த வீட்டின் வாடகை மதிப்பை வருமானமாகக் கொள்ளக் கூடாது என்று இந்நாட்டு வரிச் சட்டம் சொல்கிறது. மாணவர் விசாவில் வந்தவர்கள் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. அனுமதியின்றி வெளியே வேலைக்குப் போகவும் கூடாது. அந்த வரம்புக்குள் கிடைக்கும் வேலைகளில் கட்டணம், குடியிருப்பு, சாப்பாடு ஆகிய மூன்றையும் ஒருசேரத் தருவது மிகச் சிலவே. அப்பச்சி வங்கியில் வாங்கிய கல்விக் கடன் முதலாண்டோடு ஏறாமல் நின்றது இதனால்தான்.

பணத்துக்காகச் சேர்ந்தேன் என்பது உண்மை. இப்போது அதற்காக மட்டும் செய்யவில்லை.

தாங்கள் சிறு வயதில் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நம் நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த கதையை நானும் தம்பியும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். பகலெல்லாம் பெட்டிக்கு முன் அமர்ந்து கணக்கு எழுதியதும், இரவில் அதே பெட்டியின் ஓரமாகப் பாய் விரித்துப் படுத்ததும், முதலாளியும் மேலாளும் அடுத்தாளும் பையன்களும் ஒரே கூரையின் கீழ் ஒரே சமையலை உண்டதும் தாங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். குடியிருக்கும் இடமே வேலையிடமாக இருந்தால் ஒருவரிடம் எதையும் மறைக்க முடியாது, நடத்தையே முதலீடு என்று தாங்கள் சொல்வதன் பொருளை நான் இங்கு வந்த பிறகே முழுவதுமாக உணர்ந்தேன். நான் துணி துவைக்கப் போகும்போதும், காய்ச்சலில் துவண்டு தேநீர் வாங்க வரும்போதும், தேர்வுக் கவலையில் முகம் வாடியிருக்கும்போதும் இந்த விடுதிப் பிள்ளைகள் என்னைப் பார்க்கிறார்கள். அந்தக் காலத்தில் நம் குடும்பப் பெண்கள் உடன் செல்லாத அப்படிப்பட்ட ஒரு வாழ்க்கையை இன்று நான் வாழ்கிறேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

இனி வேலையைச் சொல்கிறேன். இந்தக் கட்டடத்தில் ஏறக்குறைய நானூறு பேர் தங்கியிருக்கிறார்கள்; பெரும்பாலோர் பதினெட்டு, பத்தொன்பது வயதில் முதல்முறையாக வீட்டை விட்டு வந்தவர்கள். ஒவ்வொரு மாடிக்கும் இளநிலை மாணவர் ஒருவர் பொறுப்பாக இருப்பார், அவரை ஆர்.ஏ. (ரெசிடென்ட் அசிஸ்டென்ட்) என்று அழைப்பார்கள். அந்த ஆர்.ஏ.க்களை வழிநடத்துவது பட்டமேற்படிப்பு மாணவியாகிய என் பணி. எனக்கு மேல் இதையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட அலுவலர் ஒருவர் இருக்கிறார். நான் வாரந்தோறும் ஒவ்வோர் ஆர்.ஏ.யையும் தனியே சந்தித்து, அவருடைய மாடியில் யார் சாப்பிட வராமல் அறைக்குள்ளேயே இருக்கிறார், யாருக்கு அறைத்தோழருடன் ஒத்துப்போகவில்லை, ஆர்.ஏ.யே சரியாகத் தூங்குகிறாரா என்றெல்லாம் கேட்டறிவேன். இரவில் முறைவைத்து ஓர் ஆர்.ஏ. எல்லா மாடிகளையும் பலமுறை சுற்றி வருவார். அவரால் தீர்க்க முடியாதது எதுவாயினும், என் முறை வரும் வாரத்தில், என் தலைமாட்டில் இருக்கும் அலைபேசிக்கு வரும்.

அப்பத்தா நினைப்பதுபோல நான் வார்டன் அல்லள். காரைக்குடியில் படித்த காலத்தில் வீட்டிலிருந்தே பேருந்தில் போய்வந்ததால் நம் ஊர் விடுதிகளை நான் தோழிகள் சொல்லித்தான் அறிவேன். மாலையில் வருகைப் பதிவு எடுப்பார்கள், குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வாயிற்கதவு பூட்டப்படும், ஊருக்குப் போகப் பெற்றோரின் கடிதம் வேண்டும். இங்கு அவை எதுவும் இல்லை. நள்ளிரவுக்கு மேல் வெளியே போகும் மாணவியை எங்கே போகிறாய் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. அறைக் கதவைத் தட்டி, என் பெயரையும் பொறுப்பையும் சொல்லி, அவர்களே திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து போன்ற அவசரம் இருந்தாலன்றி நானாகத் திறந்துகொண்டு நுழைய முடியாது. ஆகஸ்டு மாதப் பயிற்சியில் பழைய ஆர்.ஏ.க்கள் அறைகளுக்குள் குடிபோதையில் இருப்பவர்களாகவும், சண்டையிடும் அறைத்தோழர்களாகவும், அழுகிறவர்களாகவும் நடிக்க, புதியவர்கள் ஒவ்வொருவராகக் கதவைத் தட்டிப் பழக வேண்டும். கதவைத் தட்டுவதற்கு இத்தனை பயிற்சியா என்று முதலில் தோன்றியது. தட்டும் விதத்திலேயே உள்ளே இருப்பவர் நம்மை நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்துவிடுகிறார் என்பதை இப்போது பலமுறை கண்டுவிட்டேன்.

பிள்ளைகளின் பெற்றோர் சில சமயம் அழைக்கிறார்கள். தம் மகன் வகுப்புக்குப் போகிறானா, யாருடன் பழகுகிறான் என்று கேட்கிறார்கள். கல்லூரியில் சேர்ந்துவிட்ட பிள்ளையின் கல்விப் பதிவுகள் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கே மாறிவிடுகிறது என்று 1974ஆம் ஆண்டின் ஒரு சட்டம் சொல்வதால், உடல்நலம், பாதுகாப்பு சார்ந்த நெருக்கடி போன்ற சில விலக்குகள் தவிர, பிள்ளையின் சம்மதம் இன்றி நான் எதையும் சொல்ல இயலாது. அப்போதெல்லாம் அலைபேசியின் மறுமுனையில் அப்பச்சியே இருப்பதாக எண்ணிக்கொள்வேன். விவரம் சொல்ல முடியாவிட்டாலும், "இன்றே நான் அவரைச் சந்திக்கிறேன், தங்களை அழைக்கும்படி சொல்கிறேன்" என்று மட்டும் உறுதி கூறுவேன், கூறியபடியே செய்துவிடுவேன்.

சுற்று வரும்போது நான் ஓயாமல் செய்யும் ஒரு காரியம் உண்டு. வாயிற்கதவுகள் அட்டையைக் காட்டினால் மட்டுமே திறக்கும். ஆயினும் நண்பர் வருவார் என்றோ உணவு கொண்டுவருபவர் வருவார் என்றோ பிள்ளைகள் கதவிடுக்கில் எதையாவது வைத்துத் திறந்து விட்டுவிடுவார்கள். அதை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்துவேன். பென்சில்வேனியாவில் உள்ள லீஹை பல்கலைக்கழகத்தில் 1986ஆம் ஆண்டு ஏப்ரலில், ஜீன் கிளெரி என்னும் பத்தொன்பது வயது முதலாண்டு மாணவி விடுதியில் தம் அறையிலேயே கொல்லப்பட்டார். கொன்றவனும் அதே பல்கலைக்கழக மாணவன்தான், பூட்டாமல் திறந்துவைக்கப்பட்டிருந்த கதவுகளின் வழியாக அவன் உள்ளே வந்திருந்தான். அவருடைய பெற்றோர் விடாமல் போராடியதன் பயனாக, ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தன் வளாகத்தில் நடந்த குற்றங்களின் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்ற சட்டம் 1990இல் வந்தது. அந்தச் சட்டம் இன்றும் அப்பெண்ணின் பெயராலேயே வழங்குகிறது. வேறொரு வீட்டுப் பிள்ளைக்கு அந்த முடிவு வரக் கூடாது என்று தம் துயரத்தின் நடுவிலும் நினைத்த அந்தத் தாய் தந்தையை எண்ணும்போது, ஒரு கதவைச் சாத்துவது எனக்குச் சிறிய வேலையாகத் தோன்றுவதில்லை.

தீயைப் பற்றியும் அப்பத்தாவுக்குச் சொல்ல வேண்டும், ஏனெனில் அறையில் விளக்கேற்றுகிறாயா என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்கிறார்கள். விடுதியில் மெழுகுவர்த்தி, ஊதுவத்தி, கற்பூரம், அகல் எதையும் ஏற்றக் கூடாது. நியூ ஜெர்சியில் சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தின் விடுதி ஒன்றில் 2000ஆம் ஆண்டு சனவரி 19ஆம் தேதி விடியுமுன் தீப்பற்றியது. அதற்கு முன் பலமுறை வீணாக மணி அடித்திருந்ததால், அன்றும் அப்படித்தான் என்று எண்ணிச் சிலர் எழாமலே படுத்திருந்தார்கள். மூன்று மாணவர்கள் இறந்தார்கள், பலர் காயமுற்றார்கள். அந்தக் கட்டடத்தில் தானாக நீர் தெளிக்கும் அமைப்பு இல்லை. அதன் பின்னரே அம்மாநிலம் எல்லா மாணவர் விடுதிகளிலும் அதைக் கட்டாயமாக்கியது. ஆகவே, கடுங்குளிரிலும் தீயணைப்பு ஒத்திகைக்கு மணி அடிக்கும்போது, செருப்போடும் போர்வையோடும் முணுமுணுத்துக்கொண்டு வரும் பிள்ளைகளை நான் கடைசி ஆள்வரை வெளியே நிற்க வைக்கிறேன். என் வீட்டில் சாமி படத்தின் முன் மின்கலத்தில் எரியும் சிறு விளக்கு இருக்கிறது. பிள்ளையார் நோன்பன்று, சஷ்டியும் சதயமும் கூடும் அந்த மாலையில், இழை எடுக்கும் சடங்குக்குப் பக்கத்து நகரில் இருக்கும் நம்மவர் குடும்பம் ஒன்று அழைத்திருக்கிறது. அன்று என் முறை வந்தால் மாற்றிக்கொள்ள இப்போதே கேட்டு வைத்துவிட்டேன். அப்பத்தா கவலைப்பட வேண்டாம்.

இங்கு மது அருந்துவதற்கான வயது 21. விடுதியில் இருப்பவர்களோ பெரும்பாலும் அதற்குக் கீழ்ப்பட்டவர்கள். ஒளிந்து குடிப்பவர்கள் அவசரமாகக் குடிக்கிறார்கள், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. எழுப்பினால் எழாதவர், மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவாகப் போனவர், தோல் சில்லிட்டு நீலம் பாய்ந்தவர் ஆகியோரைத் தூங்கி எழட்டும் என்று விட்டுவிடாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே அவசர ஊர்தியை அழைக்க வேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே எல்லா மாடிகளிலும் சொல்லிவிடுகிறோம். நண்பனுக்காக உதவி கேட்டு அழைப்பவரைக் குடித்த குற்றத்துக்காகத் தண்டிப்பதில்லை என்று பல பல்கலைக்கழகங்கள் விதி வகுத்திருக்கின்றன. பயத்தால் அழைக்காமல் இருந்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். நான் அறிந்த விதிகளில் இதைப் போன்ற நல்ல விதி வேறில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னை மாற்றியது இன்னொன்று. மனம் உடைந்த ஒருவரிடம் தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்பதைச் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. யாரோ கேட்டார்களே என்ற ஆறுதலில்தான் பலர் பேசத் தொடங்குகிறார்கள். நம் பக்கத்தில் இப்படிப்பட்ட வார்த்தையை வீட்டுக்குள் உச்சரிக்கவே அஞ்சுவோம். இலையுதிர் காலத்தில் ஓர் இரவு, துணி துவைக்கும் அறையில் வெகுநேரம் தனியே அமர்ந்திருந்த ஒரு மாணவியிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர் பேசினார். 988 என்ற எண்ணை அழைத்தால் நாடு முழுவதற்குமான நெருக்கடி உதவி கிடைக்கும். 2022 முதல் இந்த மூன்றிலக்க எண் நடைமுறையில் இருக்கிறது. இருவருமாக அதை அழைத்தோம், மனநல ஆலோசகர் வரும்வரை நான் உடன் இருந்தேன். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுதுவது முறையன்று. இப்போது அவர் உணவுக்கூடத்தில் தோழிகளோடு அமர்ந்திருப்பதைப் பார்க்கிறேன். ஐயா, புள்ளியியலில் எனக்கு எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் வந்தபோதும் இப்படி ஒரு நிறைவு எனக்கு வந்ததில்லை.

தூக்கம் கெடுகிறது என்பதை மறைக்கவில்லை. முறை வரும் வாரங்களில் மறுநாள் வகுப்பில் சோர்வாக இருக்கும். வார இறுதியில் ஊர் சுற்ற முடியாது. நன்றி நவிலும் நாள் விடுமுறையில் எல்லோரும் வீட்டுக்குப் போன பின்னும், போக வழியில்லாத வெளிநாட்டு மாணவர்கள் சிலருக்காக நான் இங்கேயே இருப்பேன். அன்று என் சமையலறையில் அவர்களுக்குப் பால் பணியாரம் செய்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஆத்தா அதன் பக்குவத்தை ஒருமுறை விரிவாக எழுதி அனுப்ப வேண்டும்.

இந்த வேலை ஓராண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. படிப்பு முடியும்வரை, அதாவது அடுத்த ஆண்டும் தொடர விரும்புகிறேனா என்று மேலலுவலர் கேட்டிருக்கிறார். தொடரவே விரும்புகிறேன். விடை சொல்லுமுன் தங்கள் அனுமதி வேண்டும். இது மதிப்புக் குறைவான வேலை என்ற எண்ணம் ஆத்தாவுக்கு இருந்தால், அதை நான் சொல்லிப் போக்குவதைவிடத் தாங்கள் சொன்னால் கேட்பார்கள்.

இந்த மாதம் குளிர்காலத்துக்காக இங்கு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். இங்கே ஞாயிறு காலை எட்டு மணி என்றால் அங்கே மாலை ஆறரை. அந்த நேரத்தில் அழைத்தால் நிதானமாகப் பேசலாம். முறை வரும் வாரத்தில் என் சொந்த அலைபேசியை எடுக்கத் தாமதமானால், வேறொரு வீட்டுப் பிள்ளையோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று எண்ணிக்கொள்ளுங்கள். முடித்தவுடன் நானே அழைப்பேன்.

தங்கள் அன்புள்ள பேத்தி