பதினோரு பேர் உன்னைப் படித்திருக்கிறார்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேர்காணல் முடிந்து நீ அனுப்பிய குரல் செய்தியை அம்மாவும் நானும் கேட்டோம். "எச்-இண்டெக்ஸ் கொஞ்சம் கம்மியா இருக்கே" என்று தேர்வுக் குழுவில் ஒருவர் சொன்னாராம், அதற்கப்புறம் உன் ஆராய்ச்சியைப் பற்றி யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். "அவளைச் சும்மா விடுங்க, முதல்ல தூங்கட்டும்" என்றாள் அம்மா. விட்டேன். ஆனால் மருத்துவக் கல்லூரி நூலகத்தில் காலமெல்லாம் குப்பை கொட்டியவன் நான். ஒரு கட்டுரையைப் பிற்பாடு எத்தனை கட்டுரைகள் சுட்டின என்று எண்ணும் இந்தச் சைட்டேஷன் கணக்கைப் பற்றி வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்குச் சைட்டேஷன் பட்டியல் போட்ட யூஜின் கார்ஃபீல்டு பெயர் உனக்குத் தெரியும். அவருக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதை உங்கள் ஆட்கள் மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அமெரிக்க வக்கீல்களிடம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே 'ஷெப்பர்ட்ஸ் சைட்டேஷன்ஸ்' என்று ஒரு புத்தக வரிசை உண்டு. பழைய தீர்ப்பு ஒன்றைக் காட்டி வாதாடப் போகும் வக்கீல், அந்தத் தீர்ப்பைப் பிற்பாடு எந்த நீதிமன்றம் ஏற்றது, எது மாற்றியது, எது தூக்கிப்போட்டது என்று அதில் பார்த்துக்கொள்வார். ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று கார்ஃபீல்டு 1955இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். 1964இல் 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' வந்தது. ஒரு கருத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று தேடிப் பிடிப்பதற்கான சாதனம் அது. ஆளுக்கு மார்க் போடும் வேலையை மற்றவர்கள் அதன் தலையில் கட்டினார்கள்.

அந்த இண்டெக்ஸை வாங்க எங்கள் கல்லூரிக்கு வசதி இல்லை. சென்னைக்குப் போகும்போது பெரிய நூலகத்தில் புரட்டுவேன். எறும்பு ஊர்வது போன்ற பொடி எழுத்து. "டே எஸ்.என்., 59, நேச்சர், 183, 1533" என்று ஒரு வரி, அதன் கீழே, அந்த வருஷம் அந்தக் கட்டுரையைச் சுட்டியவர்கள் வரிசையாக. எங்களுக்குக் கட்டுப்படியானது 'கரண்ட் கன்டென்ட்ஸ்'தான், புது ஆராய்ச்சி இதழ்களின் பொருளடக்கங்களைத் தொகுத்துக் கையடக்கமாக வாராவாரம் வரும். டாக்டர்கள் பென்சிலால் டிக் போட்டுவிட்டுப் போவார்கள். பின்பக்கத்தில் ஆசிரியர்களின் முகவரி இருக்கும். அதைப் பார்த்து, "தங்கள் கட்டுரையின் ஒரு பிரதியை அனுப்பி உதவவும்" என்று அச்சடித்த கார்டில் பெயரை நிரப்பி, ஸ்டாம்ப் ஒட்டி, வெளிநாட்டுக்குப் போடுவோம். சில மாதம் கழித்துக் கவரில் கட்டுரை வந்து சேரும். கேட்டவர் அதற்குள் மறந்தே போயிருப்பார்!

மேலே சொன்ன அந்த டே யார் என்று நீ கேட்கமாட்டாய், உன் துறைதான். ஆனால் அவர் கதையை முழுசாக யாராவது உனக்குச் சொன்னார்களா என்று தெரியவில்லை.

சம்புநாத் டே, கல்கத்தாக்காரர். ராபர்ட் காக் 1884இல் அதே ஊரில் காலரா கிருமியை அடையாளம் கண்டு, இது ஏதோ நச்சைச் சுரந்துதான் ஆளைக் கொல்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் எழுபத்தைந்து வருஷம் அந்த நச்சை யாராலும் கையில் பிடித்துக் காட்ட முடியவில்லை. பிராணிகளின் ரத்தத்திலும் வயிற்றறையிலும் ஊசி போட்டுப் பார்த்தபடி இருந்தார்கள். டே சாதாரணமான ஒரு கேள்வியிலிருந்து தொடங்கினார்: கிருமி குடலை விட்டு வெளியே போவதில்லை, நோயாளியின் உடம்புத் தண்ணீரெல்லாம் குடல் வழியாகத்தான் போகிறது, அப்படியிருக்க ரத்தத்தில் ஏன் தேட வேண்டும்? மயக்க மருந்து கொடுத்த முயலின் சிறுகுடலில் சில அங்குல நீளத்தை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, அந்தத் துண்டுக்குள் மட்டும் காலரா கிருமியைச் செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட்டார். மறுநாள் திறந்து பார்த்தால் அந்தத் துண்டு கஞ்சித் தண்ணீர் மாதிரி நீர் கோத்துப் புடைத்திருந்தது. காலரா நோயாளிக்குப் போகுமே, அதே நீர். சாட்டர்ஜி என்பவரோடு சேர்ந்து 1953இல் இதை வெளியிட்டார்.

1959இல் இன்னும் ஒரு படி. கிருமியை வளர்த்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத அந்த நீரை மட்டும் குடல் துண்டுக்குள் விட்டார். அப்போதும் புடைத்தது. ஆக, வேலையைச் செய்வது கிருமி வெளியே விடும் நச்சு. 'நேச்சர்' இதழில் ரெண்டே பக்கம், ஆசிரியர் இடத்தில் அவர் பெயர் மட்டும். வசதி குறைந்த ஒரு கல்லூரி ஆய்வகத்தில், நூலும் ஊசியும் வடிகட்டியும் வைத்துக்கொண்டு செய்த வேலை அது. எனக்கு இன்னமும் ஆச்சரியம் தீரவில்லை.

அப்போது என்ன ஆயிற்று? பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. தொடக்கத்தில் அந்தக் கட்டுரையைக் கவனித்தவர்கள் குறைவு. தூய நச்சைத் தனியே பிரித்துக் காட்டியது அமெரிக்காவில் ஃபிங்கெல்ஸ்டைனும் லோஸ்பல்லூட்டோவும், 1969இல். நச்சு கையில் கிடைத்த பிறகுதான் ஆராய்ச்சி உலகம் திரும்பிப் பார்த்து, இது எங்கிருந்து தொடங்கியது என்று தேடியது. குடல் துண்டுச் சோதனையும் காலராவோடு நிற்கவில்லை. ஈ. கோலை கிருமியின் வயிற்றுப்போக்கு நச்சைத் தேடுகிறவர்களும் அதையே கையாண்டார்கள். 1978இல் ஸ்டாக்ஹோமில் காலராவுக்கென்றே நோபல் அறக்கட்டளை நடத்திய கருத்தரங்குக்கு டேயை அழைத்தார்கள். நீ இருக்கும் உப்சாலாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊர். 1960களின் தொடக்கத்திலேயே நான் செத்துப்போனவன், இந்தக் குழுதான் என்னைத் தோண்டி எடுத்திருக்கிறது என்று அங்கே அவர் சொன்னாராம். நோபல் பரிசு வாங்கிய லெடர்பர்க் அவர் பெயரை நோபலுக்கு ஒரு தடவைக்கு மேல் பரிந்துரைத்தார். இந்தியாவில்? உயிரோடு இருந்தவரை பெரிய விருது ஒன்றும் இல்லை, எந்த அறிவியல் அகாதமியும் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1985இல் போய்ச் சேர்ந்தார்.

மறு வருஷம் கார்ஃபீல்டு 'கரண்ட் கன்டென்ட்ஸ்' முன்பக்கக் கட்டுரையில், காலரா ஆராய்ச்சி முழுவதையும் சைட்டேஷன் வழியாக வரைபடமாக்கி, அதில் டேயின் இடம் எது என்று காட்டினார். அந்த இதழ் எங்கள் நூலகத்துக்கும் வந்தது. ஆளைப் பார்த்து மதிக்கத் தவறிய ஊருக்கு, யார் யாரை எதற்காகச் சுட்டினார்கள் என்று தேடிப் பார்த்த ஒருவர் பிலடெல்பியாவில் உட்கார்ந்துகொண்டு சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது உன் எச்-இண்டெக்ஸுக்கு வருகிறேன். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் போட்ட கணக்கு. பத்துக் கட்டுரைக்காவது தலா பத்து சைட்டேஷன் இருந்தால் உன் எண் பத்து. அப்படியானால் ஒருவர் வாழ்நாளில் மூன்றே கட்டுரை எழுதி, ஒவ்வொன்றையும் ஆயிரம் பேர் சுட்டினாலும் அவர் எண் மூன்றுதான். சுமாராக நிறைய எழுதுகிறவருக்கு அது பாட்டுக்கு ஏறும், வயசோடும் ஏறும், இறங்கவே இறங்காது. உன் வயசில் அது கம்மியாகத்தான் இருக்கும். அந்தக் குழுவில் இருந்தவருக்கு இது தெரியாமல் இருக்காது. அவசரத்தில் கையில் கிடைத்ததைச் சொல்லியிருப்பார்.

மொத்த எண்ணிக்கையும் லேசான விஷயமில்லை, ஆனால் அது சொல்வது வேறு. உலகத்திலேயே அதிகம் சுட்டப்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரை புரதத்தை அளக்கும் முறை பற்றிய லவ்ரியின் 1951 கட்டுரை. 2014 கணக்குப்படி 3 லட்சத்துக்கு மேல். அது ஒன்றும் மகத்தான கட்டுரை இல்லை என்று எனக்கே தெரியும், இருந்தாலும் உள்ளூர ஒரு சந்தோஷம்தான் என்று எழுதியவர் லவ்ரியேதான். எனக்கு அந்த மனுஷரைப் பிடித்துப்போனது.

சரி, நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், கோபப்படாதே. நோயாளிக்கு மூத்திரம் போக வைக்கும் குழாயில் (கதீட்டர்) படியும் பாக்டீரியாப் படலம் பற்றிய உன் கட்டுரையைச் சுட்டிய பதினோரு கட்டுரைகளையும் தேடி எடுத்தேன். சிலது இலவசமாகத் திறந்தது, மற்றதைப் பழைய மாணவர் ஒருவர் எடுத்துக் கொடுத்தார். ரெண்டு உன்னுடையதே. ஆறு பேர் முன்னுரையில் "இது குறித்துப் பலர் ஆராய்ந்துள்ளனர்" என்று எழுதி, ஏழெட்டுப் பெயரோடு உன்னையும் சேர்த்திருக்கிறார்கள். ஒருவர் நீ சொன்னதற்கு நேர் எதிராகச் சொன்னதாக எழுதியிருக்கிறார், படித்தாரா என்றே சந்தேகம். இன்னொருவர் நீ எடுத்துக்கொண்ட மாதிரிகளின் எண்ணிக்கை போதாது என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிற மாதிரிதான் எனக்குப் படுகிறது, நீதான் பார்க்க வேண்டும்.

பதினோராவது கட்டுரைதான் நான் இந்தக் கடிதம் எழுதக் காரணம். குழாயிலிருந்து படலத்தைப் பிரித்து எண்ணும் உன் முறையை அவர்கள் தங்கள் ஆய்வகத்தில் அப்படியே செய்து பார்த்திருக்கிறார்கள். எந்தக் குழாயில் ஒத்துவந்தது, சிலிக்கோன் குழாயில் ஏன் ஒத்துவரவில்லை என்று முழுசாக ஒரு பத்தி. உன் பெயர் அந்தப் பத்தியில் மூன்று இடத்தில் வருகிறது. நீ அதைப் பார்த்தாயா? உன் குரல் செய்தியை வைத்துச் சொன்னால், பார்க்கவில்லை. பதினொன்று என்ற எண்ணைத்தான் பார்த்திருக்கிறாய்.

உன் நண்பர் சொன்ன யோசனை, "நீ என் கட்டுரையைப் போடு, நான் உன்னதைப் போடுறேன்", அது வேண்டாம்மா. மொய் நோட்டு எழுதுகிற மாதிரி ஆகிவிடும். யார் யாருக்கு எவ்வளவு என்று கடைசிவரை கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அதைவிட, அந்தப் பதினோராவது கட்டுரைக்காரர்களுக்கு ஒரு மெயில் போடு. சிலிக்கோனில் என்ன நடந்தது என்று கேள். அடுத்த விண்ணப்பத்தில், எண் கேட்கும் கட்டத்தில் எண்ணைப் போட்டுவிட்டு, கீழே ரெண்டு வரியில் உன் முறையை வேறொரு ஆய்வகம் செய்து பார்த்ததையும் எழுது. படிக்கிறவர் படிப்பார்.

அம்மா பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறாள். எதிர் வீட்டுப் பையன் அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிறானாம், கொடுத்தனுப்புகிறோம். அப்புறம், உன் கட்டுரையில் மூன்றாவது படத்தில் கடைசிப் பட்டை மட்டும் ஏன் அவ்வளவு உயரம் என்று எனக்கு விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல்.

அன்புடன்,
அப்பா