காசி ராஜா வெட்டிக்கொடுத்த கிணறு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் மனசு ஆறியது. மாடிப்படி ஏற அவசரப்படாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள், வீட்டில் ஒரு பொருள் கீழே வைக்க முடிவதில்லை.

மகன் இப்போது இங்கிலாந்தில் ரெடிங் நகரில் இருக்கிறான். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், சில்டர்ன் குன்றுகளின் மேலே, ஸ்டோக் ரோ என்று ஒரு சிறிய கிராமம். போய் வந்ததிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்றே இருந்தேன். காலமெல்லாம் குடிநீர்த் திட்டங்களோடு மல்லுக்கட்டியவன் நீ. அந்த ஊரின் பெருமையே ஒரு கிணறுதான். அதை வெட்டிக்கொடுத்தவர் காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்!

இங்கிலாந்தில் தண்ணீர்ப் பஞ்சமா என்று கேட்பாய். மழைக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் குன்றுகள் சுண்ணாம்புப் பாறை. பெய்யும் நீரெல்லாம் நேரே கீழே இறங்கிவிடும். மேலே ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. குட்டைகளில் தேங்கிய கலங்கல் நீரைத்தான் குடித்து வாழ்ந்தார்கள், கோடையில் அதுவும் வற்றிப்போகும். வீட்டிலிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டதற்காக ஒரு சிறுவன் தாயிடம் அடி வாங்கிய கதையை, பக்கத்து ஊரான இப்ஸ்டனைச் சேர்ந்த எட்வர்ட் ஆண்டர்டன் ரீட் மகாராஜாவிடம் சொல்லியிருக்கிறார். ரீட் வடமேற்கு மாகாணங்களில், அதாவது இன்றைய உத்தரப் பிரதேசப் பகுதியில், பெரிய அதிகாரி. 1831-ல் ஆசம்கரில் மக்களுக்காக ஒரு கிணறு வெட்ட உதவியவர். அவர் ஊர் திரும்பிய பிறகும் மகாராஜா அந்தக் கதையை மறக்கவில்லை.

1863 மார்ச்சில் தோண்டத் தொடங்கினார்கள். நான்கு அடி அகலம், 368 அடி ஆழம், முழுக்க முழுக்கக் கை வேலை. அத்தனை ஆழத்தில், அந்தக் குறுகலில், ஒருவன் மண்வெட்டியோடு நின்றதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது. கையால் தோண்டி இவ்வளவு ஆழம் போன கிணறு உன் அனுபவத்தில் உண்டா? 1864 மே 24, விக்டோரியா ராணியின் பிறந்தநாளில் திறந்தார்கள். மேலே குவிமாடம், உள்ளே வாளி இழுக்கும் இயந்திரம், அதன் மேல் பொன் பூசிய ஒரு யானை. ஆங்கிலேயக் கிராமத்து ஓட்டு வீடுகளுக்கு நடுவே அதைப் பார்க்க அவ்வளவு அழகு.

ஆனால் என்னை அசத்தியது குவிமாடமோ யானையோ இல்லை. கிணற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், அவர் குடியிருக்க எண்கோண வடிவில் ஒரு குட்டி வீடு, பராமரிப்புச் செலவுக்குப் பக்கத்திலேயே ஒரு செர்ரித் தோட்டம். 'இஷ்ரி பாக்' என்று பெயர். பழம் விற்ற காசு கிணற்றுக்கு, தண்ணீர் ஊராருக்கு இலவசம். திறப்பு விழாவோடு மறந்துபோன எத்தனை திட்டங்களை நினைத்து நீ என்னிடம் புலம்பியிருக்கிறாய்! அந்த ஏற்பாட்டால்தான் எழுபது வருடங்களுக்கு மேல் ஊர் அந்தத் தண்ணீரைக் குடித்தது. குழாய் வந்த பிறகு வாளிக்கு வேலையில்லாமல் போனது. 1964-ல் நூற்றாண்டு விழா நடத்தி, கங்கை நீரைக் கொண்டுவந்து அந்தக் கிணற்று நீரோடு கலந்தார்கள். இளவரசர் ஃபிலிப் வந்திருந்தார்.

சரி, ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. 1857 சிப்பாய்க் கிளர்ச்சியில் இந்த மகாராஜா ஆங்கிலேயர் பக்கம் நின்றவர். 1860–61-ல் அதே வடமேற்கு மாகாணங்களில், டெல்லி, ஆக்ரா பக்கம் கொடும் பஞ்சம். மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அது முடிந்து இரண்டே வருடத்தில் இங்கிலாந்தில் தர்மக் கிணறு. விசுவாசத்தைக் காட்டும் கணக்கும் இதில் இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். அதற்காக அந்தக் குடும்பங்களின் தாகம் பொய்யாகிவிடாது. இரண்டையும் சேர்த்தே அந்த ஊரில் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. நீ என்ன நினைக்கிறாய்? உனக்கு வேறு கோணம் இருக்கும்.

அப்புறம், கால் நன்றாகத் தேறியதும் அடுத்த வசந்தத்தில் வீட்டம்மாவோடு புறப்பட்டு வா. இப்ஸ்டனிலும் இன்னொரு இந்திய ராஜா கொடுத்த கிணறு இருக்கிறது. நான் இன்னும் பார்க்கவில்லை, சேர்ந்தே போகலாம்.

அன்புடன்,
ரகு