மைக்ரோஸ்கோப் முன் உட்கார்ந்த டாக்டருக்கு நன்றி

தம்பியின் துண்டான விரலைப் பரிசோதித்த டாக்டரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. மாஸ்க் போட்டிருந்ததால் முகமும் தெரியாது.

மெஷின் இழுத்துப் பிய்த்த விரல். தைத்தால் சரியாகிவிடும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அவர் விரலின் பக்கவாட்டில் ஓடிய சிவப்புக் கோட்டைக் காட்டினார். ரத்தக்குழாய் இழுபட்டு, சின்னக் கிளைகள் அறுந்து உள்ளே கசிந்த அடையாளமாம். விரலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயான தமனி, நாடா மாதிரி சுருண்டிருந்தால் இன்னும் மோசமாம். சுமார் 1 மி.மீ. தடிமனே உள்ள குழாய் அது! உள்சுவர் நைந்த பகுதியை, நல்ல இடம் வரும்வரை வெட்டி எடுத்தார்; கைப்பக்க முனையில் ரத்தம் பீறிடுகிறதா என்று பார்த்தார். நீளம் போதவில்லை. முன்கையிலிருந்து ஒரு சிரைத் துண்டை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) எடுத்து இடையில் வைத்துத் தைத்தார்.

"ஒட்டும்னு வாக்குத் தர மாட்டேன்" என்று முதலிலேயே சொன்னாரே, அந்த நேர்மைக்குத் தனி நன்றி. விரல் மடங்குகிறது, நுனி மட்டும் மரத்திருக்கிறது. டாக்டர், தம்பி உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான்.